செத்த டி60 உடம்பில் ராஸ்பெரி பை: திரை, கீபோர்டு, பேட்டரி பற்றி உதவி தேவை

ஈயக்கம்பி (சுங்கை சிப்புட்)
வணக்கம். கையில் இருப்பது 2006-இல் வந்த திங்க்பேட் டி60, 14.1 அங்குலம், பழைய 4:3 திரை. மதர்போர்டு எழவில்லை. திரை, கீபோர்டு, கீல், மூடி எல்லாம் சுத்தம். ராஸ்பெரி பை 4 (ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி) ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கையில் தூக்கிப்போகிற கணினி ஆக்கவேண்டும். கீபோர்டு நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழும் வேலை செய்யணும், அதுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடல்.

திரைக்கு எந்த போர்டு வாங்குவது? கீபோர்டை யுஎஸ்பி ஆக்குவது எப்படி? பழைய பேட்டரி செல்களை நம்பலாமா? டவுனில் கைபேசிக் கடைகள்தான். ஒரு ரெசிஸ்டர் வாங்கக்கூட ஈப்போ போகணும், இல்லாவிட்டால் ஷாப்பியில் சொல்லிவிட்டுக் காத்திருக்கணும். ஆகவே சாமான் பட்டியல் ஒரே தடவையில் முடிந்தால் நல்லது.

முப்பதுபின்
போர்டு வாங்குவதற்கு முன் திரையைக் கழற்றி முதுகில் உள்ள லேபிளைப் படியுங்கள். "டி60 திரை" என்று தேடி வாங்கினால் காசு போச்சு. ஒரே மாடலில் 1024x768-உம் வந்தது, 1400x1050-உம் வந்தது. முதலாவது ஒற்றைச் சேனல் எல்விடிஎஸ் (திரைக்குப் படம் போகும் கம்பி முறை), இரண்டாவது இரட்டைச் சேனல். நிறத்துக்கு இரண்டும் 6 பிட். லேபிளில் உள்ள முழு எண்ணை விற்பவரிடம் கொடுத்து, அந்தத் திரைக்கான ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) ஏற்றிய கன்ட்ரோலர் போர்டு (பையின் எச்டிஎம்ஐ படத்தைத் திரைக்கு மாற்றிக் கொடுப்பது), எல்விடிஎஸ் கேபிள், இன்வெர்ட்டர் (திரை விளக்குக்கு உயர் வோல்ட் தருவது) மூன்றையும் ஒரே செட்டாகக் கேளுங்கள்.

போர்டு வந்ததும் திரையை மாட்டிவிடாதீர்கள். அதில் திரைக்கு எத்தனை வோல்ட் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஜம்பர் (பின்களை இணைக்கும் குட்டிச் செருகி) இருக்கும்: 3.3, 5, சிலதில் 12. மடிக்கணினித் திரைக்கு 3.3. 5-இல் வைத்தே வருவதும் உண்டு, அப்படியே மாட்டினால் திரை போய்விடலாம். கேபிள் நுனியில் மல்டிமீட்டர் வைத்து 3.3 பார்த்த பிறகே மாட்டணும்.

படம் வந்தும் கோளாறு என்றால் கோளாறே காரணத்தைச் சொல்லும். நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் 6 பிட்டுக்குப் பதில் 8 பிட் ஃபர்ம்வேர். படம் இரண்டாகவோ கோடு கோடாகவோ வந்தால் சேனல் எண்ணிக்கை தப்பு. அரை இருட்டில் படம் மங்கலாகத் தெரிகிறது, வெளிச்சம் இல்லை என்றால் திரை நல்லாத்தான் இருக்கு. விளக்கு அல்லது இன்வெர்ட்டர்.

அந்த விளக்கு சிசிஎப்எல் குழாய். பற்றும்போது 1000 வோல்ட்டுக்கு மேல், எரியும்போது சுமார் 600-700. இன்வெர்ட்டர் வெளியீட்டுப் பக்கம் கை வைக்காதீர்கள், அந்த வயரை நீட்டவும் வேண்டாம். குழாயில் பாதரசம் உண்டு, உடைத்துவிடாதீர்கள்.

குமிழ்ப்பைத்தியம்
கீபோர்டுக்கு வருவோம். இது சாதாரண பட்டைக் கேபிள் இல்லை, 40 பின் ஜேஏஇ கனெக்டர். செத்த மதர்போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள ஜோடி கனெக்டரை ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்து எடுத்துவிடலாம். சுற்றி அலுமினிய டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உருகாது.

கீ மேட்ரிக்ஸ் (கீகள் சேரும் கம்பி வலை) 16x8, அதற்கே 24 பின். குமிழுக்கு கிளாக், டேட்டா, ரீசெட் மூன்று. எஃப்என் கீக்குத் தனிக் கம்பி. இதையெல்லாம் படித்து யுஎஸ்பி ஆக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வேண்டும். ராஸ்பெரி பை பிக்கோவில் 26 ஜிபிஐஓ (கம்பி மாட்டும் பின்) மட்டுமே, மூச்சு முட்டும். டீன்சி 4.1 வாங்குங்கள், பின் தாராளம். ஆனால் அது 3.3 வோல்ட், 5 வோல்ட்டைத் தாங்காது. குமிழோ 5 வோல்ட்டில் பிஎஸ்/2 மொழி (பழைய மவுஸ் முறை) பேசும். கிளாக், டேட்டா இரண்டுக்கும் பிஎஸ்எஸ்138 லெவல் ஷிஃப்டர் (5-ஐயும் 3.3-ஐயும் இணைப்பது) போட்டு, 5 வோல்ட் பக்கத்தில் 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் வையுங்கள்.

எல்லாரும் மறப்பது ரீசெட். மின்சாரம் வந்ததும் அந்தக் கம்பி சிறிது நேரம் உயர்ந்திருந்து பிறகு கீழே இறங்கவேண்டும். 5 வோல்ட்டிலிருந்து ரீசெட்டுக்கு 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ரீசெட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம், போதும். இதை விட்டால் குமிழ் ஒரு நாள் எழும், மறுநாள் எழாது. நீங்கள் புரோகிராமைக் குடைந்துகொண்டு இருப்பீர்கள்.

மூணுசெல்
மின்சாரக் கணக்கு முதலில். பை 4 வேலை செய்யும்போது 5-7 வாட், கன்ட்ரோலர் போர்டும் திரையும் சேர்ந்து 4 வாட், விளக்கு 5 வாட். சுமார் 15 என்று வையுங்கள்.

பழைய பேட்டரியைப் பிரித்தால் 18650 செல் (உருளை வடிவ லித்தியம் செல்) ஆறு இருக்கும். ஒவ்வொன்றையும் அளங்கள். 2 வோல்ட்டுக்குக் கீழ் கிடந்தது என்றால் சார்ஜ் ஏறினாலும் குப்பைக்குத்தான், உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகியிருக்கலாம். மீதியை 4.2 வரை ஏற்றி, ஒரு வாரம் சும்மா வைத்து, மறுபடி அளங்கள். 4.1-க்குக் கீழே இறங்கியதை ஒதுக்குங்கள். இவ்வளவு பழைய செல்லில் ஆறும் தேறும் என்று நான் நம்பமாட்டேன், புதுசு வாங்குவதே மேல். செல் முனையில் நேராக ஈயம் வைக்காதீர்கள், சூடு உள்ளே இறங்கும். 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பட்டையும் ஸ்பாட் வெல்டரும்தான்.

மூன்று ஜோடி தொடராக, ஜோடிக்கு இரண்டு செல் பக்கவாட்டில், அதற்கு 3எஸ் பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் போர்டு). செல்லுக்கு 2000 எம்ஏஎச் என்றால் மொத்தம் 44 வாட்-மணி, கன்வெர்ட்டர் இழப்பு போக இரண்டரை மணி நேரம் ஓடும். பேக் 12.6-இலிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்கிக்கொண்டே வரும், ஆகவே 12 வோல்ட் கன்ட்ரோலருக்கு பக்-பூஸ்ட் மாட்யூல் (வோல்ட்டைக் கூட்டியும் குறைத்தும் ஒரே அளவில் தருவது) வேண்டும். பைக்குத் தனியாக 5 ஆம்பியர் பக் மாட்யூல் (வோல்ட்டைக் குறைப்பது), 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். மலிவான எல்எம்2596 பக் போர்டில் 3 ஆம்பியர் என்று எழுதியிருப்பான், ஹீட்சிங்க் இல்லாமல் 2-க்கு மேல் நம்பவேண்டாம். பைக்கு வரும் மின்சாரம் 4.63-க்குக் கீழே போனால் திரை மூலையில் மின்னல் குறி வரும். பாதி நேரம் குற்றவாளி மெல்லிய வயர்தான். 20 கேஜ், முடிந்தவரை குட்டையாக.

பழையபோர்டு
குறுக்கே பேசுகிறேன், கோபிக்காதீர்கள். வெறும் டைப் அடிக்கத்தான் என்றால் இன்டெல் கிராபிக்ஸ் உள்ள டி60 மதர்போர்டு ஒன்றைத் தேடி மாற்றிவிடுங்கள், அரை நாள் வேலை. ஒரு குறை: 4 ஜிபி ரேம் போட்டாலும் சிப்செட் 3 ஜிபிதான் காட்டும். ராஸ்பெரி பையேதான் வேண்டும் என்றால் மேலே சொன்னதெல்லாம் சரி, இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடியில் உள்ள மெக்னீசியம் சட்டம் மின்சாரம் கடத்தும், ஒவ்வொரு போர்டுக்கும் கீழே காப்டான் டேப்பும் (மின்சாரம் கடத்தாதது) பிளாஸ்டிக் தூணும் அவசியம். அதே சட்டம் பையின் வைஃபையையும் தின்னும். ஆன்டெனா கனெக்டர் உள்ள யுஎஸ்பி வைஃபை வாங்கி, மூடியில் ஏற்கெனவே ஓடும் ஆன்டெனா கம்பியை அதில் மாட்டுங்கள்.

ஈயக்கம்பி
நன்றி அண்ணே எல்லாருக்கும். லேபிள் பார்த்தாச்சு, 1400x1050. டி60-இல் ஏற்கெனவே உள்ள இன்வெர்ட்டரையே வைத்துக்கொள்ளலாமா? பை இந்த அளவைத் தானாகக் கண்டுபிடிக்குமா?

முப்பதுபின்
பழைய இன்வெர்ட்டர் வேண்டாம் தம்பி. அதன் வெளிச்சக் கட்டுப்பாடு மதர்போர்டிலிருந்து வருவது, பின் வரிசையும் வேறு. செட்டில் வருவதையே அதே இடத்தில், திரைக்குக் கீழே வையுங்கள்.

ஃபர்ம்வேர் சரியாக இருந்தால் பை தானாகவே பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பை தொடங்கும்போது படிக்கும் cmdline கோப்பின் அதே ஒற்றை வரியில் காட்சி அளவை எழுதிக் கட்டாயப்படுத்தலாம், புது வரி தொடங்கினால் படிக்காது. பை 4-இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ, அதற்கேற்ற பட்டைக் கேபிள் வாங்குங்கள். சாதாரண கேபிளின் தலை அந்த உடம்புக்குள் நுழையாது.

மூணுசெல்
ஒதுக்கிய செல்களை வீட்டுக் குப்பையில் போடவேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். அப்புறம், காற்றோட்டத் துளை வெட்டினால் மெல்லிய வலை ஒட்டுங்கள். தோட்டப் பக்கத்து எறும்புக்கு வெதுவெதுப்பான போர்டு என்றால் கொண்டாட்டம்.