பயிற்சியில் 6.80, மீட்டில் மூன்றும் ஃபவுல் – மனசு விட்டுப் போச்சுங்க

கோபிப் பையன்
எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஊர் கோபிப் பக்கம், கோவையில் காலேஜ் இரண்டாம் வருஷம், நீளம் தாண்டுதல். பயிற்சியில் 6.80 மீட்டர் வரைக்கும் வருகிறது. போன இரண்டு மீட்டிலும் மூன்று சான்ஸும் ஃபவுல் (காலை ஊன்றி எழும்புகிற பலகையான போர்டைத் தாண்டிக் கால் விழுந்துவிட்டது), ஒரு தாண்டல்கூடக் கணக்கில் ஏறவில்லை. இரண்டாவது தடவை சிவப்புக் கொடி தூக்கினதுமே வாய் வறண்டு தொடை துவண்டுவிடுகிறது, மூன்றாவதுக்கு ஓடத் தொடங்குகிற மார்க்கில் போய் நின்றால் போர்டைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. "நீ பயிற்சிக்குத்தான் லாயக்கு" என்று ஒருத்தர் சொன்னார், ராத்திரி படுத்தால் அதுதான் காதில் கேட்கிறது. அப்பா தண்ணி கட்டுற வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றும் கேட்கவில்லை, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த மீட்டுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இந்த பயத்திலிருந்து நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள்?

பல்லடத்தார்
தம்பி, வெசனப்படாதே. நானும் பத்து வருஷம் தாண்டினவன். உன் மனசைக் குறை சொல்வதற்கு முன்னால் ரன்-அப்பை, அதாவது போர்டு வரைக்கும் ஓடி வருகிற ஓட்டத்தைப் பார். மீட் அன்றைக்கு உடம்பு சூடேறி நிற்கும், வேகம் கூடும், எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டும் நீளும். அப்போது பயிற்சியில் வைத்த அதே மார்க்கிலிருந்து ஓடினால் கால் போர்டைத் தாண்டித்தான் விழும். போதாததற்கு நம்ம பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று என்ன வீச்சு வீசும் என்று உனக்கே தெரியும், அது முதுகில் தள்ளினால் இன்னும் முன்னால் போய் விழுவாய், எதிரில் அடித்தால் போர்டுக்கு எட்டாது. மீட்டில் முதல் சான்ஸுக்கு முன்னால் இரண்டு ரன்-அப் ஓடிப் பார், கால் எங்கே விழுகிறது என்று ஒருத்தரைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல். ஒரு சாண் தாண்டினால் மார்க்கையும் ஒரு சாண் பின்னால் தள்ளு, அவ்வளவுதான்.

இரண்டாவது, நீ பயிற்சியில் இருபது தடவை தாண்டி அதில் நல்லதை 6.80 என்று சொல்கிறாய். மீட்டில் கிடைப்பது மூன்று, முதல் எட்டுப் பேருக்குள் வந்தால்தான் இன்னும் மூன்று. அதனால் வாரத்தில் ஒரு நாள் மூன்றே தாண்டல் என்று வை, நடுவில் பதினைந்து நிமிஷம் சும்மா உட்கார், கொடி பிடிக்க ஒரு ஆள், மூன்றும் ஃபவுல் என்றால் அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போ. அந்தக் காத்திருப்பில்தான் மனசு கெடும், அதைப் பழகாமல் தைரியம் எங்கிருந்து வரும்?

ஓமலூர் அக்கா
அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் அந்த ஒருத்தர் சொன்ன வார்த்தையையும் அப்படியே விடக்கூடாது, அது உள்ளே போய் வேர் விடும். நான் உயரம் தாண்டினவள் தம்பி. எங்கள் ஆட்டம் அனேகமாகக் கம்பி விழுந்துதான் முடியும், தங்கம் வாங்கினவர்களுக்கும்கூட. எங்கள் மாவட்டத்து மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், அந்த உயரத்துக்கு வருவதற்குள் எத்தனை கம்பியைத் தட்டியிருப்பார் என்று நினைத்துப் பார். சின்னப்பம்பட்டி கிரிக்கெட் பவுலர் நடராஜன் 2015-இல் ரஞ்சிக் கோப்பைக்குள் வந்ததுமே பந்து வீசுகிற ஆக்‌ஷன் மேல் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஆக்‌ஷனையே மாற்றினார். 2020 கடைசியில் பயிற்சியில் பந்து போடுகிற நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், அதே டூரில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு இறங்கிவிட்டார்.

வாய் வறள்வது, அடிவயிறு பிசைவது, அடிக்கடி ஒன்றுக்கு வருவது எல்லாம் எனக்குக் கடைசி மீட் வரைக்கும் இருந்தது. அது உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, பயந்தாங்கொள்ளி என்று அர்த்தமில்லை. மார்க்கில் நின்று மூச்சை இழுப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடு, மூன்று தடவை. அப்புறம் போர்டைப் பார்க்காதே. மணல் குழிக்கு அந்தப் பக்கம் ஒரு மரமோ கம்பமோ பார்த்து வைத்துக்கொண்டு அதை நோக்கி ஓடு. போர்டைப் பார்த்தால் கடைசி நான்கு எட்டில் கால் தானாகக் குறுகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் அன்றைக்குச் சரியாக வந்தது ஒன்றை மட்டும் எழுது. "கடைசி எட்டு சரியாக விழுந்தது" என்கிற மாதிரி. மீட்டுக்கு முந்தின ராத்திரி அதைப் படி. நான் அப்படித்தான் செய்தேன், "என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தது எனக்கு ஒரு நாளும் உதவவில்லை.

கோபிப் பையன்
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. இன்றைக்குச் சாயங்காலம் டேப் வைத்து அளந்தேன். முழு வேகத்தில் ஓடினால் போர்டைத் தாண்டி 18 சென்டிமீட்டரில் கால் விழுகிறது, ஐந்து ஓட்டத்தில் நான்கு தடவை அப்படித்தான். மார்க்கைப் பின்னால் தள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றே தாண்டல், கொடி பிடிக்க அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.