தோப்பு வீட்டுக் குடும்பம்: முந்தின ராத்திரி என்ன படம்?

செவ்வாய், இரவு 8.10

அப்பா: எல்லோருக்கும் நினைவுபடுத்துகிறேன். வியாழக்கிழமை காலை 4.30 முதல் 6 வரை நம் புது வீட்டுக் கிரகப்பிரவேச முகூர்த்தம். ஹோமத்துக்கு ஐயர் 3.45க்கே வந்துவிடுவார். அதனால் புதன் இரவே எல்லோரும் தோப்புக்கு வந்துவிடுங்கள். பாய், தலையணை 20 சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் அத்தை: நாங்கள் 5 பேர். கொசுவத்தி வாங்கி வை.

பாலக்கோடு மாமா: பசுவும் கன்றும் சொல்லியாச்சா மாப்பிள்ளை?

அப்பா: பால்காரர் ஓட்டி வருகிறேன் என்றார்.

அம்மா: என்றார். அதோடு சரி. இன்னும் உறுதி இல்லை அண்ணா.

கார்த்தி அண்ணா: பெங்களூரிலிருந்து புரொஜெக்டர் எடுத்து வருகிறேன். ஹால் சுவர் வெள்ளைதானே சித்தப்பா? ராத்திரி ஒரு படம் போடலாம். 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்றால் யார் தூங்கப் போகிறார்கள்?

நான்: அண்ணா, அப்படியே எனக்கும் ஒரு உதவி. காலேஜில் ஆளுக்கு ஓர் இயக்குநரைக் கொடுத்து செமினார் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு பாலு மகேந்திரா. நான் ஒரு படமும் பார்த்ததில்லை. எதில் தொடங்குவது? அதையே அன்றைக்குப் போட்டால் எனக்கு ஒரு வேலை முடியும்.

பெரியம்மா: மூன்றாம் பிறை

ஓசூர் அத்தை: மூன்றாம் பிறைதான். வேறென்ன.

பாலக்கோடு மாமா: ஸ்டேஷனில் கமல் குரங்கு மாதிரி ஆடிக்கொண்டே ரயில் பின்னால் ஓடுவாரே. தியேட்டரில் நானே அழுதேன்.

அம்மா: நல்ல காரியத்துக்கு முந்தின ராத்திரி அழுகிற படமா?

ஸ்டுடியோ சித்தப்பா: திவ்யா, அவசரப்படாதே. கடையைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.

பாலக்கோடு மாமா: போச்சு. இன்றைக்குக் கட்டுரைதான்.

அம்மா: அதற்குள் ஒன்று. தக்காளி யார் வாங்குகிறார்கள்?

பாலக்கோடு மாமா: நான் 2 கிரேடு ஏற்றி அனுப்புகிறேன். விலை விழுந்து கிடக்கிறது, தோட்டத்திலேயே பழுத்து உதிர்கிறது. யாரும் வாங்காதீர்கள்.

இரவு 8.52

ஸ்டுடியோ சித்தப்பா: மூன்றாம் பிறையைக் குறை சொல்ல மாட்டேன். 1982. கமலுக்குச் சிறந்த நடிகர், இவருக்குச் சிறந்த ஒளிப்பதிவு, இரண்டுமே தேசிய விருது. கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் அதைப் பார்த்தால் கமலைப் பார்ப்பாய், ஸ்ரீதேவியைப் பார்ப்பாய், இளையராஜாவைக் கேட்பாய். இவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் நீ 'வீடு' படத்தில் தொடங்கு. 1988. பாட்டே கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டிலிருந்து எடுத்த இசை மட்டும்தான். அர்ச்சனா, பானுசந்தர், சொக்கலிங்க பாகவதர். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் சம்பளத்தில் வாழும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டத் துணிகிறாள். கதை அவ்வளவுதான். கடன், அனுமதி, சிமென்ட் திருடும் கான்ட்ராக்டர், அதைப் போட்டு உடைக்கிற சித்தாள் மங்கம்மா. நாம் இரண்டு வருஷமாக இந்தக் குழுவில் பேசியதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது.

ஓசூர் அத்தை: வீடா!!

ஓசூர் அத்தை: அதில் கடைசியில் குடிபோகவே முடியாதே. கட்டி முடிக்கிற நேரத்தில் இந்த நிலம் எங்களுடையது என்று சர்க்கார் ஆபீசிலிருந்து வந்து நிற்பார்கள். கோர்ட் வாசலில் உட்கார்ந்திருப்பாள். அந்தப் படத்தையா புது வீட்டில் போடுவது?

அம்மா: வேண்டவே வேண்டாம்.

பெரியம்மா: கடைசியில் இடத் தகராறு என்றால் வேண்டாம்பா.

பாலக்கோடு மாமா: தகராறு என்றால் நம்மிடமும் ஓர் அடி இருக்கிறதே 😀

அம்மா: அண்ணா சும்மா இரு.

பெரியப்பா: அந்த ஓர் அடியைப் பற்றிப் பேச நான் இந்தக் குழுவில் திரும்பச் சேரவில்லை. சர்வேயர் கல் நட்ட இடம் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா: அண்ணா, கிணற்று வழியை விட்டுத்தான் காம்பவுண்டு வைத்திருக்கிறேன். டிராக்டர் போகிறது.

பெரியப்பா: போகிறது. திரும்பத்தான் முடியவில்லை.

ஓசூர் அத்தை: இரண்டு பேரும் நிறுத்துங்கள். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் காதையும் திருகியிருப்பாள். குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

கார்த்தி அண்ணா: மூடுபனி? த்ரில்லர். ராத்திரிக்குப் பொருத்தம்.

பெரியம்மா: கொலை எல்லாம் வேண்டாம் கார்த்தி.

பாலக்கோடு மாமா: அப்படியானால் சதி லீலாவதி. கமல் கோயமுத்தூர்ப் பேச்சு, கோவை சரளா ஜோடி. பாட்டி முதல் பேரன் வரை சிரிப்பார்கள்.

அம்மா: அது அவர் எடுத்ததா? நான் கிரேசி மோகன் படம் என்று நினைத்தேன்.

ஸ்டுடியோ சித்தப்பா: வசனம்தான் கிரேசி மோகன். இயக்கமும் ஒளிப்பதிவும் இவர். எனக்கும் பிடித்த படம். ரமேஷ் அரவிந்த் மனைவியாக வரும் கல்பனாவை ஓர் இடத்தில்கூட கேலிப்பொருளாக விடமாட்டார். குண்டாக இருக்கிறாள் என்று புருஷன் அலுத்துக்கொள்வான், கேமரா அலுத்துக்கொள்ளாது. இருந்தாலும் அதில் தொடங்கினால் செமினாருக்கு எழுத ஒன்றும் கிடைக்காது.

நான்: எனக்கு எழுத வேண்டியது இதுதான் சித்தப்பா. மற்றவர்களிடமிருந்து இவர் எதில் வேறுபடுகிறார்?

ஸ்டுடியோ சித்தப்பா: வெளிச்சம். நான் கடை வைத்த புதிதில் கல்யாணப் பெண்ணை உட்காரவைத்து இரண்டு பக்கமும் லைட்டைப் போட்டு, முகம் மாவு பூசியது மாதிரி வரும்வரை விடமாட்டேன். அதுதான் நல்ல போட்டோ என்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீடு படத்தை டிவியில் பார்த்தேன். ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் தெரிகிறது, மறு பக்கம் மங்கிப்போகிறது. தாத்தா ஈசிசேரில் சாய்ந்திருக்கிறார், மத்தியானமா சாயங்காலமா என்று கடிகாரம் காட்டாமலே தெரிகிறது. அடுத்த முகூர்த்தத்தில் ஒரு பெண்ணை ஜன்னலோரம் நிற்கவைத்து ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். படம் இருட்டாக இருக்கிறது என்று பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் பத்து வருஷம் கழித்து வந்து அந்த ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். நெகட்டிவ் வைத்திருந்தேன்.

நான்: இதையே சொல்லலாம் சித்தப்பா. இன்னும் சொல்லுங்கள்.

பாலக்கோடு மாமா: கேட்காதே கண்ணு. விடிந்துவிடும்.

ஸ்டுடியோ சித்தப்பா: மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளில் சுற்றுலா போன இடத்தில் டேவிட் லீன் 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் 'மழை' என்று கத்தியதும் மழை கொட்டியதாம். நாமும் இப்படி ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்ததாகச் சொல்வார். அப்புறம் புணே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். மலையாளத்தில் 'நெல்லு' படத்துக்குக் கேமரா. இயக்கிய முதல் படம் கன்னடத்தில், கோகிலா, 1977.

அம்மா: வியாழக்கிழமை மட்டும் யாரும் மழை என்று கத்த வேண்டாம். பந்தல் தகரம் இல்லை, துணிதான்.

ஓசூர் அத்தை: கோகிலா எங்கள் மாமியார் பார்த்த படம்! கமல், ஷோபா. மோகனுக்கு அதுதான் முதல் படம், அதனால்தான் கோகிலா மோகன் என்பார்கள். அதைப் போடலாமே, எங்களுக்குக் கன்னடம் தெரியும்.

பாலக்கோடு மாமா: ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு காட்சி தனியாக வைப்போம்.

கார்த்தி அண்ணா: வெற்றிமாறன், பாலா எல்லாம் இவரிடம் இருந்தவர்கள்தானே?

ஸ்டுடியோ சித்தப்பா: ராம், சீனு ராமசாமி, நா. முத்துக்குமாரும்கூட. முதலில் கதை படிக்கச் சொல்வாராம்.

பெரியம்மா: டிவியில் வருமே, கதை நேரம். ஒவ்வொரு வாரமும் ஒரு சிறுகதை. அது இவர்தானே?

ஸ்டுடியோ சித்தப்பா: இவரேதான் அண்ணி. 52 கதை எடுத்தார். திவ்யா, பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாகப் பார். அரை மணிக்குள் ஒரு கதை முடிந்துவிடும். 'வீடு' பார்த்த கையோடு 'சந்தியா ராகம்' பார்த்துவிடு, அதிலும் பாகவதரும் அர்ச்சனாவும்தான். பிறகு 'அழியாத கோலங்கள்'. அதற்கப்புறம் மூன்றாம் பிறைக்குப் போனால் ஊட்டிப் பனியில் அவர் என்ன செய்கிறார் என்பது தானாகவே தெரியும். 'தலைமுறைகள்' கடைசியாக இருக்கட்டும். அதில் தாத்தாவாக அவரே நடித்தார், 2013இல் வந்தது. மறு வருஷம் பிப்ரவரியில் போய்விட்டார்.

அப்பா: நாற்காலி 40 போதுமா? பந்தல்காரர் கேட்கிறார்.

அம்மா: 60 சொல்லுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் மட்டுமே 15 பேர்.

ஓசூர் அத்தை: தண்ணீர்?

அப்பா: போர் ஓடுகிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.

இரவு 9.47

ஸ்டுடியோ சித்தப்பா: வீடு படத்தைப் போடச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தப் படத்தில் தாத்தா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டைப் பார்க்கக் கிளம்பி வருவார். பஸ்ஸில் வந்து இறங்கி, அறை அறையாக நடந்து, பூசாத சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பேச்சு கிடையாது, இசை மட்டும். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் இறந்துபோவார். தன்னுடைய அம்மா வீடு கட்டப் பட்ட பாட்டைச் சின்ன வயதில் பார்த்த நினைவிலிருந்து எடுத்த படம் என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பாவை அழைத்துப் போன அன்றைக்குத்தான் எனக்கு அந்த இடம் முழுதாகப் புரிந்தது.

[புகைப்படம்]

ஸ்டுடியோ சித்தப்பா: போன வருஷம் சித்திரை. லிண்டல் மட்டம் வந்திருந்தது, ஜன்னல் சட்டம் வைக்கவில்லை. மணி நாலரை. அந்த ஓட்டை வழியாக வெயில் விழுகிறது பாருங்கள். சுவரில் கை வைத்து 'சூடா இருக்குதுடா' என்றார். ஃபிளாஷ் போடவில்லை.

ஓசூர் அத்தை: அப்பா

அம்மா: 🙏

கார்த்தி அண்ணா: தாத்தா துண்டைக்கூட மடித்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்பா: நான் அன்றைக்குக் கம்பி வாங்க கிருஷ்ணகிரி போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரியப்பா: இதை ஏன் எனக்கு அனுப்பவில்லை?

ஸ்டுடியோ சித்தப்பா: அப்போது நீங்கள் குழுவில் இல்லை அண்ணா.

பெரியப்பா: சுவரில் இருப்பது எந்தக் கை?

ஸ்டுடியோ சித்தப்பா: இடது.

பெரியப்பா: பக்கவாதத்தில் போன கை. அதைத் தூக்கவே முடியாதே அவருக்கு.

ஸ்டுடியோ சித்தப்பா: கொத்தனார் தூக்கி வைத்தார் அண்ணா. வைத்த பிறகு எடுக்க விடவில்லை. வலது கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வெயில் நகர்ந்து போகும்வரை நின்றோம்.

இரவு 10.15

ஓசூர் அத்தை: இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும். மாலை போட்ட அந்த ஆதார் போட்டோ வேண்டாம்.

அம்மா: அதையே நானும் நினைத்தேன். புதன்கிழமைக்குள் ஆகுமா தம்பி?

ஸ்டுடியோ சித்தப்பா: பிரிண்ட் நாளைக்குப் போட்டுவிடுவேன் அண்ணி. சட்டம்தான் தெரியவில்லை.

நான்: எனக்கு வீடு பார்க்க வேண்டும். செமினாருக்காக இல்லை.

அம்மா: பார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கார்த்தி அண்ணா: அப்படியானால் ஹாலில் எல்லோருக்கும் சதி லீலாவதி. வீடு வியாழக்கிழமை சாயங்காலம்?

ஓசூர் அத்தை: வியாழன் மதியம் சாப்பிட்டதும் நாங்கள் கிளம்ப வேண்டும். மறுநாள் ஸ்கூல் இருக்கிறது.

ஸ்டுடியோ சித்தப்பா: எனக்கும் வெள்ளி முகூர்த்தத்துக்கு ஆர்டர் இருக்கிறது. புதன் ராத்திரியை விட்டால் எல்லோரும் சேர்ந்து இருக்கப் போவதில்லை. படமும் நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம். நெகட்டிவ் கெட்டுப்போனதை அவரே சொல்லி வருத்தப்பட்டார், பழைய படங்களைக் காக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் இருப்பது கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் முழுப் படம்.

பெரியப்பா: இங்கே வந்து போட்டுக்கொள்ளுங்கள்.

ஓசூர் அத்தை: எங்கே அண்ணா?

பெரியப்பா: என் வீட்டில். பக்கத்தில்தானே இருக்கிறது. நான் கட்டி 22 வருஷம் ஆகிறது, இனி ஒரு படத்தால் அதற்கு என்ன ஆகப்போகிறது. திண்ணைச் சுவர் வெள்ளைதான்.

பெரியம்மா: எத்தனை பேருக்கு டீ போட வேண்டும் என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அப்பா: அண்ணா, ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். நீங்களும் அண்ணியும் வந்துவிடுங்கள்.

பெரியப்பா: காலையில் முகூர்த்தத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி பார்க்கலாம்.

கார்த்தி அண்ணா: ஒரு சந்தேகம். புரொஜெக்டர் ஒன்றுதான் இருக்கிறது.

பாலக்கோடு மாமா: முதலில் சதி லீலாவதி புது வீட்டில். முடிந்ததும் கிணற்று வழியாக நடந்து அண்ணன் வீட்டுத் திண்ணையில் 'வீடு'. டிராக்டரா திருப்பப் போகிறோம்.

அம்மா: அண்ணா!!

பெரியப்பா: சரி சரி.

நான்: அப்போ 9 மணிக்கு முதல் படமா, இல்லை 8க்கா? சித்தப்பா, வீடு எவ்வளவு நேரம் ஓடும்?

ஸ்டுடியோ சித்தப்பா: 3 மணிக்கு முன் முடியும்படி தொடங்கலாம். பென்டிரைவ் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா: பால்காரர் போனை எடுக்கவில்லை.

பாலக்கோடு மாமா: காவேரிப்பட்டணத்தில் என் சிநேகிதனிடம் பசு இருக்கிறது. கன்று மட்டும் கிடாரியா காளையா என்று கேட்டுச் சொல்கிறேன்.

ஓசூர் அத்தை: நிப்பட்டு வாங்கி வரச் சொல். இரண்டு கிலோ.