ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்குது, எந்த சிமுலேஷன் கேம் செட் ஆகும்?

வேளச்சேரிவாசி:
ஆபீஸ் சிறுசேரி. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு பாப்பா தூங்குறதுக்குள்ள பத்தே முக்கால் ஆயிடுது, பன்னெண்டுக்கு படுத்தாதான் காலைல ஆபீஸ் பஸ்ஸ புடிக்க முடியும். யூரோ ட்ரக், ஃப்ளைட் சிமுலேட்டர், ஸ்டார்டியூ (விவசாய கேம்), ஃபேக்டோரியோ (ஃபேக்டரி கட்டுற கேம்), இதுல எது நேரத்த ரொம்ப தின்னும்? பாப்பா அழுதா அப்படியே விட்டுட்டு எழுந்து போக முடியணும்.

பெரம்பூர்பைலட்:
ஃப்ளைட் சிம் மட்டும் வேணாம் ப்ரோ, ஓட்டுறவனே சொல்றேன். மீனம்பாக்கத்துல இருந்து கோயம்புத்தூர் நிஜத்துல ஒரு மணி நேரம்னா இங்கயும் அதே ஒரு மணி நேரம்தான், அதுக்கு முன்னாடி இருட்டா இருக்கற ஏர்பஸ் காக்பிட்ல ஒவ்வொரு சுவிட்சா போட்டு, ரூட் ஏத்தி, எரிபொருள் கணக்கு பார்த்து வண்டி நகர்றதுக்கே அரை மணி போயிடும். தனியா பறந்தா பாஸ் போடலாம். வாட்சிம்னு ஆன்லைன்ல எல்லாரும் சேர்ந்து பறக்குற நெட்வொர்க்ல போனா ஏர் டிராஃபிக் கண்ட்ரோலரா நிஜ ஆளுங்க உக்காந்திருப்பாங்க, அங்க உங்க இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. மேல ஆட்டோபைலட்ல போறப்ப பாப்பா அழாது, கரெக்டா லேண்டிங் அப்பதான் முழிக்கும் 😂 ஆசைய அடக்க முடியலன்னா செஸ்னா மாதிரி குட்டி விமானத்துல பாண்டிச்சேரி வரைக்கும் போய்ட்டு வாங்க.

நைட்ஷிஃப்ட்:
ஃபேக்டோரியோ எந்த நிமிஷம் வேணாலும் சேவ் ஆகும், ஆனா எழுந்திரிக்க மனசு வராது அதான் சிக்கல். இரும்பு பத்தலன்னு சுரங்கத்துல டிரில் கூட வெப்பீங்க, உடனே கரண்ட் டல்லடிக்கும், பாய்லர் சேர்க்கப் போனா நிலக்கரி பெல்ட் காலியா கெடக்கும், அத இழுத்துட்டு வர்ற வழியில பூச்சிங்க வந்து சுவத்த கடிச்சிட்டு இருக்கும், மணி பாத்தா ரெண்டு. சனிக்கிழமைக்குன்னு வெச்சுக்கோங்க.

மாடித்தோட்டம்:
தம்பி ஸ்டார்டியூ ஆடுங்க. கேம்ல ஒரு நாள் நமக்கு 14 நிமிஷம்தான், மெனுவ தொறந்தா நேரம் நின்னுடும், எங்க வீட்டு வாண்டுங்கள வெச்சுகிட்டே ஆடுறேன்னா பாத்துக்கோங்க. ஒண்ணே ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஆடுனா, கேம்ல ராத்திரி போய் படுத்தாதான் சேவ் ஆகும், பாதி நாள்ல மூடுனா அன்னிக்கு பண்ண வேலை போச்சு.
ட்ரக்கும் ஓகே. மேப் 1:19 ஸ்கேல், அதாவது நம்ம பெங்களூர் தூரம் அங்க கால் மணி நேரம் சொச்சம், நடுரோட்ல நிறுத்தி சேவ் பண்ணலாம்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. தங்கச்சி அவளோட நிண்டெண்டோ சுவிட்ச்ச (கையில வெச்சு ஆடுற கேம் மெஷின்) தரேங்கறா, அதுல அனிமல் கிராஸிங் கேம் எப்படி?

நைட்ஷிஃப்ட்:
அது நிஜ கடிகாரத்துல ஓடுறது ப்ரோ. அதோட சுவிட்ச் எடிஷனான நியூ ஹொரைசன்ஸ்ல கேம்ல இருக்கற கடைய ராத்திரி பத்து மணிக்கு மூடிடுவான், நீங்க வர்றப்ப ஷட்டர்தான் பாக்கணும். ஆனா அதே சுவிட்ச்ல ஸ்டார்டியூ போட்டா பாதி நாள்ல ஸ்லீப் மோட்ல போட்டுட்டு மறுநாள் அங்கேருந்தே ஆடலாம், சுவிட்ச்ச வாங்கிக்கோங்க.