பாரிஸ் போகும் உம்மாவுக்காக ஓர் உதவி

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மேலப்பாளையம். தம்பிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்க உம்மா அடுத்த மாதம் பாரிஸ் போகிறார்கள். பீடி சுற்றி எங்களை வளர்த்தவர்கள். முகத்தை மூடாமல் தெருவில் இறங்கியதே இல்லை. முன்பு வெள்ளைத் துப்பட்டி, இப்போது நிகாப்.

அங்கே 2011 ஏப்ரலிலிருந்து பொது இடத்தில் முகத்தை மூடத் தடை, 150 யூரோ வரை அபராதம். தெருவில் தலையை மூடிக்கொள்ளலாம், முகத்தைத்தான் மூடக்கூடாது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2014-ல் அந்தச் சட்டம் செல்லும் என்றுவிட்டது. பெண்களின் விடுதலைக்காகத்தான் என்கிறார்கள். உம்மாவை யாரும் மூடச் சொன்னதில்லையே, திறக்கச் சொல்வது மட்டும் எப்படி விடுதலை ஆகும்? எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான், தெரியாத ஊரில் போலீஸ் முன்னால் உம்மா நிற்கக்கூடாது.

அங்கே இருக்கும் அக்கா தங்கைகள் சொல்லுங்கள். உம்மாவுக்கு வீசிங் உண்டு. உடல்நலக் காரணத்துக்கு விலக்கு இருக்கிறதாம். மாஸ்க் போட்டால் டாக்டர் சீட்டு கேட்பார்களா? திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் முகம் பார்க்க பெண் அதிகாரியைக் கேட்கலாமா? அப்புறம், இதை உம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்?