அப்பாவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடலாமா?

கரிசல்காடு:
அப்பாவுக்கு 67 வயது. ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், பேப்பர் படிப்பார், நெட் பேங்கிங் பார்ப்பார். அவ்வளவுதான். லேப்டாப்பில் இன்டெல்லின் ஐந்தாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லாவது கேட்கிறது. ஓடுகிற லேப்டாப்பைத் தூக்கிப்போட மனசில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை, பழைய கணினிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பாகப் போட்டுவிட்டு வரப்போகிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு.

தாமிரபரணி:
வேண்டாம் நண்பரே. என் மாமாவுக்கு இதையேதான் செய்தேன். இரண்டு நாள் லீவில் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். மறுநாள் அவர் தன் பழைய மனுக்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்திருக்கிறது. இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவாக இருக்கும் யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருவில் பத்து வருஷமாக அடித்து வைத்தவை. எனக்குத் தொந்தரவு என்று நினைத்து அவர் போனே பண்ணவில்லை. மூன்று வாரம் டிடிபி கடையில் காசு கொடுத்து அடித்திருக்கிறார். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கரிசல்காடு:
அது எழுத்துருவின் பிரச்சினை, லினக்ஸின் பிரச்சினை இல்லையே. அந்த எழுத்துருவை நிறுவியிருந்தால் கோப்பு படிக்க வந்திருக்கும். தட்டச்சுக்கும் வழி இருக்கிறது. லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும்.

தாமிரபரணி:
யாருடைய பிரச்சினை என்பது மாமாவுக்கு எதற்கு? அவருக்கு மனு அச்சாக வேண்டும். நேற்றுவரை அச்சானது, நான் வந்து போன பிறகு ஆகவில்லை.

மலைச்சாரல்:
இரண்டு பேருமே அவசரப்படுகிறீர்கள். அம்மாவுக்கு நான் மாற்றியபோது முதலில் மின்ட்டிலும் இருக்கிற லிப்ரெஆபிஸையும் (கடிதம், மனு அடிக்கும் இலவச மென்பொருள்) பயர்பாக்ஸையும் விண்டோஸிலேயே போட்டுக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகளை அதற்குள் யூனிகோடுக்கு மாற்றினேன். அப்புறம்தான் மின்ட்டை லேப்டாப்பில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக ஓட்டி, அம்மாவையே ஒரு கடிதம் அடித்து பிரின்ட் எடுக்கச் சொன்னேன். நாம் செய்து காட்டினால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். அவர்கள் செய்யும்போது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரியும். விண்டோஸை அழிக்காமல் டூயல் பூட்டில், அதாவது லேப்டாப்பைத் திறக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருங்கள்.

கரிசல்காடு:
அதுவரை அப்டேட் இல்லாத விண்டோஸில் நெட் பேங்கிங்கா? எனக்கு அதுதான் பயம்.

தாமிரபரணி:
அந்தப் பயம் நியாயமானது. லைவ் பென் டிரைவில் பேங்க் வேலையை மட்டும் செய்யச் சொல்லலாம். சரி, ஒன்று கேட்கிறேன். இத்தனை பேசினோமே, அப்பா இதற்கு என்ன சொன்னார்?

கரிசல்காடு:
அவரிடம் இன்னும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போன் பண்ணுகிறேன்.