கிளட்ச் மாத்தியும் உதறல் திரும்ப வருது. தெரிஞ்சே ஏன் விக்கிறாங்க?

கேட்டவர்: அரைகிளட்ச்

வண்டி டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (ரெண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிச்சு தானா கியர் மாத்தும்), டிரை டைப், அதாவது கிளட்ச் எண்ணெயில முங்காம ஓடும். நெரிசல்ல ஊர்ந்து போகும்போது ஒண்ணுலேர்ந்து ரெண்டாவது கியர் மாறுற இடத்துல வண்டியே உதறுது. சர்வீஸ்ல முதல்ல "இது நார்மல் சார், நீங்க ஓட்டுற விதம்"னாங்க. அப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட். அதுக்கும் அடங்கலன்னு வாரண்டியில கிளட்ச்சே மாத்தினாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, இப்போ பழையபடி. இதே மாடல் வச்சிருக்கிற பாதிப் பேர் இதையேதான் புலம்புறாங்க. வாரண்டி முடியப்போகுது. நான் என்ன செய்யணும்? கம்பெனிக்குத் தெரியாமலா இருக்கும்?

ஸ்பேனர்

ஜாப் கார்டை (சர்வீஸ்ல செஞ்ச வேலையை எழுதித் தர்ற தாள்) எடுத்துப் பாருங்க. கிளட்ச் மட்டும் போட்டாங்களா, இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீலும் (கியர்பாக்ஸ் எண்ணெய் கிளட்ச் பக்கம் வராம அடைக்கிற வளையம்) மாத்தினாங்களா? சீல் கசிஞ்சா எண்ணெய் டிரை கிளட்ச் மேல படும், புது கிளட்ச்சும் உதற ஆரம்பிக்கும். மாத்தினதும் கிளட்ச் அடாப்டேஷன் (புது கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு வண்டி கம்ப்யூட்டருக்குப் பழக்குறது) செஞ்சாங்களான்னும் கேளுங்க.

இந்த டைப்புக்குச் சூடுதான் எமன். பாதி பிடிச்ச நிலையில ஊர்ந்தா வர்ற சூட்டை எடுத்துட்டுப் போக உள்ள எண்ணெய் கிடையாது. முன்னாடி இடைவெளி விட்டு, ஒரே மூச்சுல நகருங்க. மேட்டுல ஆக்சிலரேட்டரை மிதிச்சு வண்டியைப் பிடிச்சு வைக்காதீங்க. ஆனா நெரிசல்ல ஓட்ட முடியாத கியர்பாக்ஸை வித்துட்டு ஓட்டுறவரைக் குறை சொல்றது நியாயமே இல்லை.

பழைய டீசல்

எல்லாம் திட்டம் போட்டுப் பண்றதுதான். வாரண்டி முடிஞ்சதும் ஸ்பேர் வித்து சம்பாதிக்கணும்ல.

வெண்டர்பக்கம்

உதிரிபாகம் சப்ளை பண்ற பக்கம் இருந்தவன். உடையணும்னு யாரும் டிசைன் பண்றதில்லை, உடைஞ்சது தெரிஞ்ச பிறகு நடக்கிறதுதான் அசிங்கம். புகார் மேல போறதே வாரண்டி க்ளெய்மா பதிவானாத்தான். "நார்மல்"னு திருப்பி அனுப்பின வண்டி பல நேரம் கணக்குலயே வராது. வந்தாலும் காரணம் பிடிபடணும், புது பாகத்துக்கு டை (அச்சு) அடிக்கணும், டெஸ்ட் ஓட்டணும். அதுவரை தயாரிப்பு லைன் நிக்காது, பழைய பாகமே போகும். டிசைனைத் திருத்துற செலவா, வாரண்டியில மாத்திக் கொடுக்கிற செலவா, எது கம்மின்னு ஒரு கணக்கு ஓடும். வாரண்டிக்கு அப்புறம் உடையறது உங்க செலவு, அந்தக் கணக்குல அது இல்லை.

இன்னொண்ணு, ரீகால் (வித்த வண்டியைக் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரிபண்றது) சட்டம் பெரும்பாலும் பாதுகாப்புக் குறைக்குத்தான். வண்டி உதறினா "அசௌகரியம்"னு தள்ளிடுவாங்க. டீலருக்கு சர்வீஸ் புல்லட்டின் (இந்தக் கோளாறை இப்படிச் சரிபண்ணுன்னு கம்பெனி அனுப்புற குறிப்பு) போகும், ஓனருக்குக் கடிதம் வரணும்னு இல்லை.

பாதுகாப்புக் குறையே இழுபறியான கதை உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் இக்னிஷன் சுவிட்ச், ஓடும்போதே ஆஃப் ஆயிடும், ஏர்பேக்கும் விரியாது. 2006-ல பாகத்தைத் திருத்தினாங்க, ஆனா பார்ட் நம்பரை மாத்தல. அதனால எது பழசு, எது புதுசுன்னு கண்டுபிடிக்க முடியாமப் போச்சு. ரீகால் 2014-லதான். இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124.

பழைய டீசல்

அப்போ சாமானியன் ஒண்ணும் பண்ண முடியாதுங்கிறீங்களா?

வெண்டர்பக்கம்

முடியும், பேப்பர் இருந்தா. ஆஸ்திரேலியாவில ஃபோர்டு, பவர்ஷிஃப்ட்ங்கிற அதோட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் பத்தின புகார்களைக் கையாண்ட விதத்துக்கு 2018-ல கோர்ட் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டுச்சு. கோளாறு தெரிஞ்சிருந்தும் பல பேர்கிட்ட "நீங்க ஓட்டுற விதம்"னு சொன்னதும் அந்த வழக்குல வந்துச்சு. பூஜோ, சிட்ரோயன் கார்கள்ல வர்ற 1.2 ப்யூர்டெக் பெட்ரோல் எஞ்சின்ல எண்ணெய்க்குள்ள ஓடுற டைமிங் பெல்ட் துகள் துகளா உதிர்ற பிரச்சினைக்கு, அந்த பிராண்டுகளோட கம்பெனி ஸ்டெல்லாண்டிஸ் ஐரோப்பாவில 10 வருஷம் அல்லது 1,75,000 கி.மீ.னு கவரேஜை நீட்டிச்சது. சத்தம் கூடினதும் கணக்கு மாறிடுது பாருங்க.

அரைகிளட்ச்

ஜாப் கார்டு பார்த்தேன். கிளட்ச் செட் மட்டும்தான் இருக்கு, சீல் பத்தி ஒரு வரி இல்லை. பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) அடியில கை வச்சா எண்ணெய்ப் பிசுபிசுப்பு.

ஸ்பேனர்

துடைக்காம அப்படியே போட்டோ எடுங்க. உதறலையும் வீடியோ எடுங்க, டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்று வேகம் காட்டுற மீட்டர்) தெரியணும். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்துல உட்காரவச்சு வண்டி நல்லா சூடேறுற வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க, குளிர்ந்த வண்டியில பல நேரம் தெரியாது. "கிளட்ச் மாத்திய பிறகும் அதே உதறல், எண்ணெய்க் கசிவு"ன்னு உங்க வார்த்தையிலேயே ஜாப் கார்டுல எழுத வைங்க. வெறும் "ஜெனரல் செக்கப்"னு எழுதினா கையெழுத்துப் போடாதீங்க. அந்தக் காப்பியோட கம்பெனிக்கு மெயில், வாரண்டி தேதிக்கு முன்னாடியே போகட்டும்.