இரவெல்லாம் திறந்திருந்த தரவுத்தள இணைப்பு காலையில் அறுந்துவிடுகிறது

சத்துவாச்சாரி வாசி:
வேலூர் மண்டித் தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு ஜாவாவில் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்துள்ளேன். உள்ளறைக் கணினியில் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள சர்வர் ஓடுகிறது. கல்லாவிலுள்ள கணினி ஜேடிபிசி (ஜாவா நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் முறை) வழியாக அதனுடன் பேசுகிறது. மென்பொருள் தொடங்கும்போதே ஓர் இணைப்பைத் திறந்து, அதையே கடைசிவரை பயன்படுத்துகிறேன். இரவு 9 மணிக்குக் கடையடைத்தாலும் கணினிகளை அணைப்பதில்லை. காலை 9 மணிக்கு முதல் பில்லைப் போட்டதும் "கம்யூனிகேஷன்ஸ் லிங்க் ஃபெயிலியர்" என்ற பிழை வருகிறது. மென்பொருளை மூடித் திறந்தால் அன்று முழுவதும் தொல்லையில்லை. வேலூர் வெயிலில் கேபிள் கெட்டிருக்கும் என்று அதையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். மறுபடி போட்ட பில் இரண்டு முறை பதிவாகியிருக்குமோ என்று கடைக்காரர் கேட்கிறார்.

ஆரணியிலிருந்து:
சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்கியூஎல் 28,800 நொடிகள், அதாவது 8 மணி நேரம்தான் விட்டுவைக்கும். தங்கள் கடையோ 12 மணி நேரம் பூட்டியிருக்கிறது. வெயிட் டைம்அவுட் எனப்படும் இந்தக் கால வரம்பை 24 மணி நேரமாக உயர்த்திவிடுங்கள், ஐயா.

இராணிப்பேட்டையிலிருந்து:
ஆரணி நண்பர் சொன்ன காரணம் சரி, தீர்வுதான் சரியில்லை. ஞாயிறு கடை விடுமுறை என்றால் சனி இரவிலிருந்து திங்கள் காலைவரை 36 மணி நேரம் ஆகிறது; அன்று மீண்டும் இதே கதைதான்.

இணைப்பு என்பது இரு முனைகளும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும் ஒரு நிலை. 3306 போர்ட்டில் தொடர்பு ஏற்பட்டு, கடவுச்சொல் சரிபார்க்கப்பட்ட பின், சர்வர் அந்த இணைப்புக்கென ஓர் அமர்வை ஒதுக்குகிறது. நேரம் கடந்து சர்வர் தன் முனையை மூடிவிட்டாலும், எதையும் கேட்காமல் சும்மா இருக்கும் ஜேடிபிசி டிரைவருக்கு அது தெரிவதில்லை. காலையில் முதல் கட்டளையை அனுப்பும்போதுதான் தெரிய வருகிறது.

ஆகவே தங்கள் முதல் பில் சர்வரில் நிறைவேறவே இல்லை. இரட்டைப் பதிவுக்கு இங்கே இடமில்லை. ஆனால் பதிவை உறுதிசெய்யும் "கமிட்" கட்டளை போய்ச் சேர்ந்து, அதற்கான விடை திரும்பி வருவதற்குள் தொடர்பு அறுந்தால், பதிவானதா இல்லையா என்பதைக் கல்லாக் கணினியால் அறியவே முடியாது. அதனால் மென்பொருளே முன்கூட்டி பில் எண்ணைக் கொடுத்து, அந்த எண் அட்டவணையில் இருமுறை வராதபடி யூனிக் கீ வையுங்கள். மறுமுறை அனுப்பும்போதும் அதே எண்ணையே அனுப்புங்கள்.

இணைப்புக்கு ஹிக்காரி போன்ற, இணைப்புகளைத் திறந்து வைத்து, கேட்கும்போது கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு கனெக்‌ஷன் பூல் போதும். சும்மா கிடந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பின்னரே அது கையில் கொடுக்கும். இயல்பமைப்பில் 30 நிமிடத்துக்கு மேல் எதையும் வைத்திருக்காது. ஒரு கல்லாவுக்கு இரண்டு இணைப்புகள் தாராளம்.

சத்துவாச்சாரி வாசி:
மிக்க நன்றி, ஐயா. திங்கள் காலையிலும் முதல் பில் தடையின்றி விழுந்தது. ஆனால் சரக்கு இருப்பு அறிக்கையை இருமுறை எடுத்தபின், எதைத் தொட்டாலும் 30 நொடி காத்திருந்து பிழை வந்தது. அறிக்கை எடுக்கும் பகுதியில் இணைப்பை மூட மறந்திருந்ததால், பூலிலிருந்த இரண்டும் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டன. வேலை முடிந்ததும் இணைப்பைத் தானே மூடிவிடும் டிரை-வித்-ரிசோர்சஸ் முறையில் மாற்றி எழுதியபின் சரியாகிவிட்டது.